அந்த வீட்டில் நடந்தது பள்ளிதானா?

1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வக்கீல்கள் அதிகம் புரட்டாத ஓர் உட்பிரிவு இருந்தது. வீட்டுக்காரர் சொந்தத் தேவைக்காகக் கட்டடத்தைக் கேட்டு, அந்தத் தேவை உண்மையானது என்று நிரூபித்தால் குடியிருப்பவர் காலி செய்ய வேண்டும் என்பது பொது விதி. 10ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவு அதற்கு ஒரு விலக்கு வைத்தது. கல்வி நிறுவனம் நடத்துவதற்கென்றே வாடகைக்கு விடப்பட்டு, உண்மையிலேயே அப்படி நடந்துவரும் கட்டடமாக இருந்து, அரசோ அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் தந்திருந்தால், அந்த அங்கீகாரம் நீடிக்கும் வரை சொந்தத் தேவையைக் காட்டி அதை வெளியேற்ற முடியாது. கடையைத் தெரு மாற்றலாம், பிள்ளைகள் படிக்கும் இடத்தை அப்படி மாற்றக் கூடாது என்று சட்டம் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். 2000களின் நடுவில் மதுரையில் நான் நடத்திய ஒரு வழக்கு இந்த ஒரு வாக்கியத்தில்தான் நின்றது.

என் கட்சிக்காரர் ஒரு சிறு அறக்கட்டளை. கடுமையான அறிவுத்திறன் குறைபாடும் மூளை முடக்குவாதமும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு பகல்நேரப் பள்ளியை அது நடத்திவந்தது. பேச்சு வராதவர்கள், தானாக உட்கார முடியாதவர்கள், வேறெந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாதவர்கள் அங்கே வந்தார்கள். மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளம் போட்ட பழைய வீடு. முன்புறம் நீளமான தாழ்வாரம். பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமோ பஸ் காசோ இல்லாத தாய்மார்கள் மாலை வரை அந்தத் தாழ்வாரத்திலேயே இருப்பார்கள். பெரியாஸ்பத்திரியில் ஊனச் சான்றிதழுக்கு என்றைக்குப் போனால் டாக்டர்கள் இருப்பார்கள், உதவித்தொகை மனுவில் எந்தத் தாள் விட்டுப்போனால் திருப்பி அனுப்புவார்கள், வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்பதெல்லாம் அங்கே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். ஒரு தாய் ஆபரேஷனுக்குப் படுத்தபோது அவள் மகனைக் குளிப்பாட்டவும் சோறு கொடுக்கவும் மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். பதினெட்டு வயது நிறைந்த மகனுக்குப் பெற்ற தாய்கூடச் சட்டப்படி காப்பாளர் ஆகமாட்டாள், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு போட்டு நியமனம் வாங்க வேண்டும் என்பதைப் பல வக்கீல்களுக்கு முன்பே அந்தப் பெண்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது சரியாகாது. அவருடைய தகப்பனார் பள்ளியைத் தொடங்கியவர்மேல் இருந்த மதிப்பில் குறைந்த வாடகைக்கு வீட்டைக் கொடுத்தவர். மகன் தலைமுறையிலும் வாடகையை உயர்த்தச் சொல்லி யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. இப்போது பேரன் வேறொருவர் கட்டடத்தில் மருந்துக்கடை நடத்திக்கொண்டிருந்தார். சொந்த வீடு தெருமுனையில் இருக்க, ஊரார் கடைக்கு வாடகை கட்டுவானேன் என்று அந்தக் குடும்பம் கேட்டது. அந்தக் கேள்வியில் பொய் எதுவும் இல்லை. உண்மையான தேவையை உண்மையல்ல என்று வாதிட எனக்கு மனம் வரவில்லை, அந்த வாதம் நிற்கவும் நின்றிருக்காது.

பிள்ளைகள் படப்போகும் கஷ்டத்தைச் சொல்லி வாதிட்டிருக்கலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் வைத்திருந்தது, ஆனால் வேறொரு மூலையில். ஒரே கட்டடத்தின் ஒரு பகுதியில் வீட்டுக்காரர் குடியிருந்து, கூடுதல் இடம் வேண்டும் என்று இன்னொரு பகுதியைக் கேட்டால் மட்டும், அவருக்குக் கிடைக்கும் வசதியையும் குடியிருப்பவருக்கு வரும் கஷ்டத்தையும் நீதிமன்றம் எடைபோட வேண்டும். கஷ்டம் அதிகம் என்றால் மனுவைத் தள்ள வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் வேறு தெருவில் குடியிருந்தார். அதனால் சட்டத்தின் கண்ணில் எங்கள் பிள்ளைகளின் கஷ்டம் எடைக்கு வரவே இல்லை. உரிமையாளர் எந்தத் தெருவில் தூங்குகிறார் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் துன்பம் கணக்கில் சேர்வதும் சேராததும் இருந்தது. எங்களுக்கு மிஞ்சியது 10(4) மட்டுமே.

அதில் எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் வைத்த முதல் வாதம் வலுவானது. பள்ளிக்கு அங்கீகாரம் தருவது பள்ளிக் கல்வித்துறை, இவர்களிடம் அந்தத் துறையின் ஒரு தாள்கூட இல்லை என்றார். அது உண்மை. எங்களிடம் இருந்தது 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றிதழ். ஊனமுற்றோருக்கான நிறுவனம் எதையும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நடத்தக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது, சான்றிதழ் தருவதற்கு மாநில அரசு ஓர் அதிகாரியை நியமித்திருந்தது. அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு, ஊனமுற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினெட்டு வயது வரை தகுந்த சூழலில் இலவசக் கல்வி கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்றது. கல்வி என்று சட்டம் சொல்லியது. ஆனால் அந்தக் கல்வியைக் கவனிக்கும் வேலை கல்வித்துறையிடம் போகாமல், மறுவாழ்வைக் கவனிக்கும் துறையிடம் போய்விட்டது. பிள்ளைகளை இரண்டு துறைகளுக்குப் பிரித்துக்கொடுத்தது அரசு. அந்தப் பிரிவினையின் விலையைப் பிள்ளைகள் கொடுக்க வேண்டுமா என்பதுதான் என் பதில் வாதம். அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பு என்றுதான் வாடகைச் சட்டம் சொன்னது, எந்தத் துறை என்று அது சொல்லவில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. அங்கே நடப்பது பராமரிப்பு, படிப்பு ஆகாது என்றார்கள். தலைமை ஆசிரியை எங்கள் முதல் சாட்சி. குறுக்கு விசாரணையில், பாடத்திட்டம் என்ன என்று கேட்டார் மூத்த வக்கீல். “பிள்ளைக்கு ஒரு பாடத்திட்டம் சார்,” என்றார் அந்த அம்மா. பரீட்சை உண்டா என்று கேட்டபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்டு என்று சொல்லி, ஒரு பையனின் பதிவேட்டை நீதிபதியிடம் நீட்டினார். அது சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் உருவாக்கிய எம்.டி.பி.எஸ். என்ற மதிப்பீட்டு முறை. நடப்பது, உண்பது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சைப் புரிந்துகொள்வது, காசு, நேரம் என்று 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 திறன்கள். எது வரும், எது வராது என்று முதலில் குறித்துக்கொண்டு, வராதவற்றில் எதை அடுத்துச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர் தீர்மானிப்பார்.

அந்தப் பதிவேட்டில் கரண்டியால் சாப்பிடுவது என்ற ஒரு வரி சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தது. பிடி தடிமனாக இருக்கவேண்டும் என்று சைக்கிள் டியூபைச் சுற்றிய கரண்டி. முதலில் ஆசிரியர் பையனின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வாய்வரை கொண்டுபோகிறார், பிறகு மணிக்கட்டை மட்டும் தாங்குகிறார், பிறகு முழங்கையை, கடைசியில் கையை எடுத்துவிடுகிறார். ஒவ்வொரு படிக்கும் தேதி இருந்தது, முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. “இதெல்லாம் வீட்டில் அம்மா செய்கிற வேலைதானே?” என்று வக்கீல் கேட்டார். “வீட்டில் ஊட்டிவிடுவார்கள் சார். நாங்கள் சாப்பிடக் கற்றுக்கொடுக்கிறோம்,” என்றார் அந்த அம்மா. நீதிபதி அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைச் சான்றாவணமாகக் குறிக்கச் சொன்னார்.

கற்க இயலாத பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்ற கேள்வி உலகத்தில் முன்பே எழுந்து ஓய்ந்த ஒன்று. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில், பல ஊனங்கள் கொண்ட ஒரு சிறுவனுக்குக் கல்வியால் பயன் இராது என்று பள்ளி நிர்வாகம் இடம் மறுத்தது. விசாரணை நீதிமன்றமும் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பயன்பெறுவான் என்று நிரூபித்த பிறகுதான் கல்வி என்று சட்டம் நிபந்தனை வைக்கவில்லை, எந்தப் பிள்ளையும் விலக்கல்ல, அடிப்படை வாழ்க்கைத் திறன்களும் கல்விதான் என்றது. வெளிநாட்டுத் தீர்ப்பு நம் முன்சீப் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இந்தக் கேள்வியை வேறு நீதிபதிகளும் பொறுமையாக யோசித்து விடை சொல்லியிருக்கிறார்கள் என்று காட்ட அது உதவியது.

வயதையும் ஒரு வாதமாக வைத்தார்கள். இருபத்திரண்டு வயதுக்காரர்கள் சிலர் அங்கே வருகிறார்கள், இலவசக் கல்வியே பதினெட்டோடு முடிகிறது, அப்புறம் அது எப்படிப் பள்ளி என்றார்கள். அரசின் கடமை பதினெட்டோடு முடியலாம், கற்பது முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று பதில் சொன்னேன். வாடகைச் சட்டம் கல்வி நிறுவனம் என்றது, வயது வரம்பு எதையும் வைக்கவில்லை. கல்லூரி மாணவர்களும் பதினெட்டைத் தாண்டியவர்களே. முன்சீப் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அங்கே நடப்பது கல்விதான், பதிவுச் சான்றிதழ் அங்கீகாரம்தான் என்று எழுதி வீட்டுக்காரர் மனுவைத் தள்ளுபடி செய்தார். தாழ்வாரத்தில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள்.

அங்கீகாரம் நீடிக்கும் வரை என்ற மூன்று சொற்களில் வந்தது அடுத்த கஷ்டம். பதிவுச் சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தபின், பிள்ளைகள் இருக்கும் எந்தக் கட்டடத்தையும் அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். பார்க்க வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. எங்கள் பள்ளியும் பின்கட்டில் உடற்பயிற்சிக்காகப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையைப் பிரித்தது. புதுப்பிக்கும்போது கட்டட உறுதிச் சான்று கேட்டார்கள். அரசு அங்கீகரித்த பொறியாளர் வந்து பார்த்து நேர்மையாக எழுதினார்: இப்போதைக்குப் பயன்படுத்தலாம், ஆனால் இரண்டு அறைகளில் உத்தரங்கள் தொய்ந்திருக்கின்றன, சில ஆண்டுகளுக்குள் பெரிய பழுதுபார்ப்பு தேவைப்படும். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது. பொறியாளர் அறிக்கை அரசுக் கோப்பில் சேர்ந்தது.

அந்த அறிக்கையின் நகலோடு வீட்டுக்காரர் இரண்டாவது மனு போட்டார். இம்முறை சொந்தத் தேவை என்று கேட்கவில்லை; 14ஆவது பிரிவின் கீழ், இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று கேட்டார். கல்வி நிறுவனத்துக்கான பாதுகாப்பு 10ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவில் வரும் சொந்தத் தேவைக் காரணங்களுக்கு எதிராக மட்டுமே. 14ஆவது பிரிவுக்கு அது பொருந்தவில்லை. நாங்கள் வென்ற வாதம் முழுவதும் இங்கே செல்லுபடியாகாமல் போயிற்று. அது பள்ளிதான் என்று இப்போது யாரும் மறுக்கவில்லை. பள்ளியாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை என்றார்கள். பிள்ளைகளின் உயிரைக் காப்பதற்காகக் கேட்ட தாள், பிள்ளைகளை வெளியேற்றும் மனுவின் முதல் சான்றாவணம் ஆயிற்று. பொறியாளர், அதிகாரி, வீட்டுக்காரர் என்று யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படி நடந்தார்கள், அந்த விதிகள் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டிருந்தன.

கட்டடம் உடனே இடிக்க வேண்டிய அளவுக்குச் சிதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற கருத்து, சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருந்தது. நான் அதைத்தான் நம்பி நின்றேன். ஆனால் 1996இல் அதே நீதிமன்றம், விழும் நிலையில் இருக்க வேண்டிய அவசியமில்லை, வீட்டுக்காரரின் எண்ணம் நேர்மையானதா, கட்டடத்தின் வயதும் நிலையும் என்ன, கட்டப் பணம் இருக்கிறதா என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் போதும் என்று தெளிவுபடுத்திவிட்டது. வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்ற வரைபடம் இருந்தது, வங்கியில் பணமும் இருந்தது. முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் தோற்றோம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சீராய்வு மனு வந்தபோது, கீழ்க் கோர்ட்டுகள் சட்டப்பிழை எதுவும் செய்யவில்லை என்பதை நீதிபதி நாசூக்காகவே சொன்னார். பிறகு, கல்வியாண்டு முடியும் வரை அவகாசம் தந்தால் அதற்குள் காலி செய்வதாக உறுதிமொழிப் பத்திரம் தரத் தயாரா என்று கேட்டார். இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. சட்டம் தராத ஒரு காலத்தை நீதிபதியின் கனிவும் வீட்டுக்காரரின் சம்மதமும் தந்தன.

வேறு இடம் தேடும் வேலையைத் தாய்மார்கள் எடுத்துக்கொண்டார்கள். தரைத்தளம் வேண்டும், சக்கர நாற்காலி நுழையும் கதவு வேண்டும், பஸ் நிற்கும் தூரத்தில் இருக்க வேண்டும். வாடகை பேசி முடித்த வீடுகள், எந்தப் பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்ததும் இல்லை என்றாயின. கடைசியில் ஊருக்கு வெளியே ஓர் இடம் கிடைத்தது. புது இடத்துக்குப் போன சில வாரங்களில் தலைமை ஆசிரியை என் அலுவலகத்துக்கு வந்தார். பார்வையும் குறைந்து பேச்சும் வராத ஒரு பையன் பழைய வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டே தானாகக் கழிப்பறைக்குப் போகப் பழகியிருந்தான். எத்தனையாவது கதவு, எங்கே படி இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவன் கைக்குத் தெரியும். புதுச் சுவர் அவன் கைக்குத் தெரியவில்லை. கற்ற பாடம் போய்விட்டது, முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பஸ் மாறி வர முடியாமல் சில பிள்ளைகள் நின்றேவிட்டார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் அந்தத் தாய்மார்களும் தனித்துப்போனார்கள் என்பதை அவர் சொன்னபோதுதான், நாங்கள் எதை இழந்தோம் என்பது முழுசாகப் புரிந்தது.

அதன்பின் சட்டங்கள் மாறின. 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, கடுமையான ஊனமுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கற்க விரும்பினால் அதற்கும் உரிமை உண்டு என்றார்கள். படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு அது தேவையான வழி. ஆனால் பள்ளி கிட்டத்தில் இல்லாத குடும்பத்துக்கு அது விருப்பமாக இருக்காது, வேறு வழியின்மையாகவே இருக்கும். ஆசிரியர் வாரத்தில் சில நாள் வீட்டுக்கு வரலாம், தாழ்வாரம் வராது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ தான் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தந்தது. அதே சட்டம் நிறுவனங்களுக்குத் தனிப் பதிவு என்ற பழைய ஏற்பாட்டையும் தொடர்ந்தது. 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்து 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. இன்றைக்கு எழுத்து ஒப்பந்தத்தில் என்ன காலம் போட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் வழக்கைத் தீர்மானிக்கிறது.

ஆகவே இத்தகைய பள்ளிகளை நடத்துகிறவர்கள் என்னிடம் வரும்போது, ஒப்பந்தக் காலத்தைப் பிள்ளைகளின் கணக்கில் எழுதச் சொல்கிறேன். பதினொரு மாத ஒப்பந்தத்தில் கரண்டி பிடிப்பதைக்கூட ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து முடிக்க முடியாது. காலி செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், இறுதி நாள் மட்டும் போதாது, அதற்கு முந்தைய மாதங்களில் பழைய கட்டடமும் புதிய கட்டடமும் சேர்ந்தே இயங்க வேண்டும், பிள்ளைகள் மாறி மாறிப் போய்ப் புது இடத்தைப் பழக வேண்டும் என்று கேட்கிறேன். சம்மத உத்தரவில் இப்படி இரண்டு வரி சேர்க்க எந்தச் சட்டமும் தடை சொல்வதில்லை. வீட்டுக்காரருக்கு அதில் பெரிய நஷ்டமும் இல்லை, கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த மர உத்தர வீட்டின் பிள்ளைகளுக்குக் கிடைத்த அவகாசம் பெரியவர்கள் பெட்டி கட்டுவதற்குப் போதுமானதாக இருந்தது. இனி வருகிறவர்களுக்கு அது பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கும் போதுமானதாக இருக்க வேண்டும். நீதிபதி தாமாக அதை எழுதுவார் என்று காத்திருக்க முடியாது. எழுந்து நின்று கேட்பது வக்கீலின் கடமை.